வெள்ளி, தங்கம் இறங்கும்போது வைத்திருப்பதா, விற்பதா? மூன்று நடை அலைந்து நான் கற்றுக்கொண்ட வழிமுறை

2025 தீபாவளிக்கு முந்தைய வாரம் எனக்குச் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. அப்போது வண்ணாரப்பேட்டையில் யாரைப் பார்த்தாலும் வெள்ளிப் பேச்சுதான். கிராம் 200 ரூபாயைத் தாண்டியிருந்தது. "இன்னும் ஏறும் அக்கா, இப்ப விட்டா பிடிக்க முடியாது" என்றான் தம்பி. அவனை நம்பி, கிராம் 205 என்று 800 கிராம் வாங்கினேன்: 500 கிராமில் ஒரு கட்டி, 100 கிராமில் மூன்று கட்டிகள்.

தெருவில் பட்டாசுக் குப்பை அள்ளுவதற்குள் விலை இறங்க ஆரம்பித்தது. மாதக் கடைசியில் 165 பக்கம் வந்து நின்றது. அதே வாரத்தில் ஹவுஸ் ஓனர் வந்து, மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்டையார்பேட்டையில் பார்த்த வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் 80,000 ரூபாய். நவம்பர் 15க்குள் கொடுக்க வேண்டும்.

விற்பதா, பொறுப்பதா என்று பத்து நாள் தூங்கவில்லை. விற்கக் கிளம்பியபோது அது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. பகலில் பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் ஊரார் கணக்கை எல்லாம் பைசா சுத்தமாகப் பார்க்கிற எனக்கு, என் சொந்தக் கணக்கு பிடிபட மூன்று நடை ஆனது. முதல்முறை வாங்கி, முதல்முறை இறக்கத்தைப் பார்ப்பவர்கள் அந்த மூன்று நடையை மிச்சப்படுத்தட்டும் என்று எழுதுகிறேன்.

1. கையில் இருப்பது என்ன வகை என்று எழுதுங்கள்

"தங்கத்தில் போட்டிருக்கிறேன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் முடிவெடுக்க முடியாது. ஒரு தாளில் தனித்தனியாக எழுதுங்கள்: நகை, நாணயம், கட்டி, ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் யூனிட்டாக வாங்கி விற்கிற தங்க, வெள்ளி ஃபண்ட்), மியூச்சுவல் ஃபண்ட், ரிசர்வ் வங்கி வழியாக அரசு வெளியிட்ட தங்கப் பத்திரம், செல்போன் செயலியில் வாங்கிய டிஜிட்டல் தங்கம். ஒவ்வொன்றுக்கும் நேரே வாங்கிய தேதி, எடை, மொத்தமாகக் கொடுத்த பணம், பில் யார் பெயரில் என்பதை எழுதுங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தை நான் எழுதவில்லை. அதற்கு என்ன தண்டம் கட்டினேன் என்பது 6ஆம் படியில் வரும்.

நகையை இந்தத் தாளிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். போட்டுக்கொள்கிற நகை முதலீடு இல்லை. தாலிச் சங்கிலிக்கு இன்றைய விலை என்ன என்று தினமும் பார்ப்பது வீண் வேதனை.

2. போர்டு விலையை மறந்துவிட்டு, கைக்கு வரும் விலையைக் கண்டுபிடியுங்கள்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். கடைப் பலகையிலும் பத்திரிகையிலும் வருவது நீங்கள் வாங்கும்போது கொடுக்க வேண்டிய விலை. விற்கும்போது அந்த விலை யாருக்கும் கிடைப்பதில்லை.

என் 500 கிராம் கட்டியின் கணக்கு இது. 205 வீதம் 1,02,500 ரூபாய். 3 சதவீத ஜிஎஸ்டி 3,075. ஆக 1,05,575. அதாவது எனக்குக் கிராம் விழுந்தது 205 இல்லை, 211 ரூபாய் 15 காசு. அந்த ஜிஎஸ்டி திரும்ப வரவே வராது.

விற்கப் போன நாளில் போர்டு 165. முதல் கடையில் 8 சதவீதம் கழிப்போம் என்றார்கள், 75,900 வரும். இரண்டாவது கடையில் 4 சதவீதம் கழிவு, 79,200. மூன்றாவது கடையில் கழிவு என்ற பேச்சே இல்லாமல் "கிராம் 159" என்று ஒரே சொல்லில் முடித்தார், 79,500. ஒரே கட்டி, ஒரே வாரம், கடைக்குக் கடை 3,600 ரூபாய் வித்தியாசம்.

பலகையில் பார்த்தால் 205லிருந்து 165, ஏறக்குறைய 20 சதவீத இறக்கம். என் பையில் 211லிருந்து 159, ஏறக்குறைய 25 சதவீதம்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் முக்கியமான ஓர் எண் வரும். 4 சதவீதக் கழிவு போக எனக்கு அசல் திரும்ப வேண்டுமானால் போர்டு விலை எவ்வளவாக இருக்க வேண்டும்? 211.15ஐ 0.96ஆல் வகுத்தால் 220. "வாங்கின விலைக்கு வந்ததும் விற்றுவிடுவேன்" என்று 205க்காகக் காத்திருந்தேன் பாருங்கள், 205 வந்தாலும் எனக்கு நஷ்டம்தான். 165லிருந்து 220க்குப் போக மூன்றில் ஒரு பங்கு ஏற வேண்டும்.

நகைக்கு இந்த எண் இன்னும் மேலே போகும். 12 சதவீதம் சேதாரம், அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி என்றால், 100 ரூபாய்த் தங்கத்துக்கு 115 ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பீர்கள். விற்கும்போது சேதாரத்துக்கு யாரும் ஒரு பைசா தரமாட்டார்கள். கல், அரக்கு, அழுக்கு எல்லாம் எடையிலிருந்து கழியும்.

ஆகவே உங்கள் தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: இன்று விற்றால் கையில் எவ்வளவு, அசல் திரும்பும் போர்டு விலை எவ்வளவு. இதற்காகக் கடை ஏற வேண்டியதில்லை. மூன்று கடைகளுக்குப் போன் செய்து, "999 வெள்ளிக் கட்டி, பில் இருக்கு, இன்னிக்குக் கொடுத்தா கிராம் என்ன போடுவீங்க?" என்று கேட்டால் போதும். கால் மணி நேர வேலை.

3. பணம் எந்தத் தேதிக்கு வேண்டும்?

இனி ஏறுமா, இறங்குமா என்று ஆளாளுக்குக் கேட்டு நான் நேரத்தைத் தொலைத்தேன். சொன்னவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான விஷயம் நவம்பர் 15.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் கூடை எடுக்கும் அம்மாவைப் பாருங்கள். வெயில் ஏறிவிட்டால், என்ன விலைக்கு எடுத்தோம் என்று நினைக்கமாட்டார்; இப்போது என்ன வருமோ அதைப் பார்ப்பார். வெள்ளி ஒன்றும் மீன் இல்லை, அழுகாது. ஆனால் அட்வான்ஸ் கட்ட வேண்டிய தேதி அழுகும்.

எழுதின தாளை இப்படிப் பிரியுங்கள்.

ஆறு மாதத்துக்குள் கட்டாயம் தேவைப்படும் பணம்: பள்ளிக் கட்டணம், வீட்டு அட்வான்ஸ், ஆபரேஷன், கல்யாண மண்டபம். அதற்குத் தேவையான அளவை விற்றுவிடுங்கள். நஷ்டமானாலும் சரி. இந்தப் பணம் வெள்ளிக்குள் போயிருக்கவே கூடாது. அந்தத் தவறு வாங்கிய நாளிலேயே நடந்துவிட்டது, இன்று நடப்பது அதன் பில்.

ஐந்து வருடத்துக்கு மேல் தொட வேண்டாத பணம்: வைத்திருக்கலாம். ஆனால் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள். 2011 ஏப்ரலில் வெள்ளி கிலோ 70,000 ரூபாயைத் தாண்டியது. 2015 கடைசியில் 35,000க்கும் கீழே கிடந்தது. பழைய உச்சத்தை மறுபடி தாண்டியது 2020 ஆகஸ்டில். உச்சத்தில் வாங்கியவருக்கு வட்டி இல்லாமல் ஒன்பது வருடக் காத்திருப்பு. அதே பணம் வங்கி டெபாசிட்டில் இருந்திருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். "வெள்ளி என்னிக்குமே கைவிடாது" என்று யாராவது சொன்னால் இந்த ஒன்பது வருடத்தைச் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பணம்தான் தலைவலி. நான் ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன்: இந்த வெள்ளி இல்லாமல், இதே 79,500 ரூபாய் ரொக்கமாக என் கையில் இருந்தால், இன்றைய விலையில் கடைக்குப் போய் வெள்ளி வாங்குவேனா? மாட்டேன் என்றால் எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனசு வராமல்தான். வாங்குவேன் என்றால் வைத்திருக்கலாம்.

சரி, எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதி விற்று, பாதி வைப்பது கோழைத்தனமும் இல்லை. அதற்குக் கட்டி சிறியதாக இருக்க வேண்டும். 500 கிராம் கட்டியில் பாதியை மட்டும் விற்க முடியாது. வெட்டினால் முத்திரை போய்விடும். மீதித் துண்டைப் பழைய வெள்ளியாகத்தான் எடுப்பார்கள். அடுத்த முறை வாங்குவதென்றால் 50, 100 கிராமில் வாங்குவேன்.

4. விலை ஏன் இறங்கியது? அரை மணி நேரம் மட்டும்

இதற்கு மேல் நேரம் செலவழித்தால் தலைதான் சுற்றும். நம் ஊர் விலையை மூன்று சேர்ந்து தீர்மானிக்கின்றன: உலகச் சந்தையில் டாலர் விலை, டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி.

மூன்றாவதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றைக்கே கடைப் பலகைகளில் விலை சரிந்தது. அரசு வரியை மறுபடி ஏற்றினாலொழிய அப்படி விழுந்த பகுதி தானாகத் திரும்பாது. உலக விலை ஏறித்தான் ஈடுகட்ட வேண்டும். 2025 அக்டோபர் இறக்கம் வேறு வகை. பல மாதம் ஓடி உச்சிக்குப் போன விலையில் லாபம் பார்த்தவர்கள் விற்றார்கள். அக்டோபர் 21 அன்று ஒரே நாளில் உலகச் சந்தையில் தங்கம் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

தங்கமும் வெள்ளியும் ஒன்றில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வெள்ளியில் பாதிக்கு மேல் சோலார் தகடு, மின்னணுப் பொருள் என்று தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சந்தையும் சிறியது. அதனால் தங்கம் தும்மினால் வெள்ளிக்குக் காய்ச்சல் வரும்.

5. விற்காமல் அடகு வைக்கலாமா?

நான் முதலில் யோசித்தது இதைத்தான். ஆனால் வெள்ளிக் கட்டியை வங்கி தொடவே தொடாது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நகைக்கும் நாணயத்துக்கும் கடன் தரலாம். கட்டிக்கும் ஈடிஎஃபுக்கும் தரக்கூடாது. நாணயத்துக்கும் எல்லை உண்டு: தங்கம் 50 கிராம், வெள்ளி 500 கிராம். எல்லா நிறுவனங்களும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர 2026 ஏப்ரல் 1 வரை கெடு கொடுத்தார்கள். கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் மதிப்பில் 85 சதவீதம் வரை, அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 என்பது உச்ச வரம்பு. சேதாரம், கல் மதிப்பு எல்லாம் இதில் சேராது.

அடகு எப்போது சரி? திருப்பிக் கொடுக்கப் பணம் வரும் தேதி உறுதியாகத் தெரிந்தால். போனஸ், அடுத்த சீட்டு, முதிரப் போகும் டெபாசிட், இப்படி ஏதாவது. "விலை ஏறினதும் மீட்டுடலாம்" என்பது தேதி இல்லை, ஆசை. விலை இன்னும் இறங்கினால் வங்கி கூடுதல் பணம் கட்டச் சொல்லலாம், அல்லது நகையை ஏலம் விடுவோம் என்று நோட்டீஸ் அனுப்பலாம்.

தெரு அடகுக் கடையில் "நூத்துக்கு ரெண்டு" என்பார்கள். காதுக்குச் சின்னதாக இருக்கும். வருடத்துக்கு அது 24 சதவீதம்.

6. கிளம்புவதற்கு முன் ஆவணங்கள்

இவற்றை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்:

- ஜிஎஸ்டி எண் அச்சிட்ட அசல் பில், கூட ஒரு நகல்
- ஆதார், பான் இரண்டிலும் அசலும் நகலும்
- வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், அல்லது குறுக்கே கோடு போட்டு 'கேன்சல்டு' என்று எழுதிய காசோலை
- கட்டி, நாணயம் என்றால் பிரிக்காத பிளாஸ்டிக் உறையும் தரச் சான்றும்

பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பூஜை அறையில் வைத்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கழிப்பார்கள். சோதனைக்கும் அனுப்புவார்கள்.

இப்போது என் தண்டம். நான் கொடுத்த பணம்தான், ஆனால் கடைக்குப் போய் வாங்கி வந்தவன் தம்பி. பில் அவன் பெயரில் இருந்தது. இரண்டாவது நடையில் சௌகார்பேட்டைக் கடைக்காரர் பில்லையும் என் ஆதாரையும் பார்த்துவிட்டு, "பில்லுல இருக்கிறவரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தம்பிக்கு எண்ணூரில் ஷிப்ட் வேலை. அவன் லீவு கிடைத்து வந்து, பணம் அவன் கணக்குக்குப் போய், அவன் எனக்கு அனுப்பி, வருமான வரிக் கணக்கில் அது யார் நஷ்டம் என்ற குழப்பம் வேறு. யார் பணமோ அவர் பெயரிலேயே பில் வாங்குங்கள்.

வாங்கும்போது "எஸ்டிமேட் போட்டுத் தரேன், ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள். அந்தத் துண்டுச் சீட்டு விற்கும் நாளில் செல்லாக் காசு. 3 சதவீதம் மிச்சம் பிடித்தவர், பில் இல்லை என்ற காரணத்துக்காகவே அதைவிட அதிகமாக இழப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

7. விற்கும் நாள்

நாள்: விலையைக் காலையில் அறிவிப்பார்கள், ஆட்டம் அதிகமான நாளில் மாலையிலும் மாற்றுவார்கள். சனி, ஞாயிறு உலகச் சந்தை மூடியிருப்பதால், ஞாயிறு விலை பெரும்பாலும் சனிக்கிழமை விலையேதான். வார நாளில் காலை அறிவிப்பு வந்த பிறகு போவது நல்லது. வங்கிப் பரிமாற்றத்தில் சிக்கல் வந்தாலும் அன்றைக்கே கேட்டுச் சரிசெய்ய முடியும்.

வழி: வடசென்னைக்காரர்களுக்கு மெட்ரோவே பாதுகாப்பு. தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஏறி, உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் என்எஸ்சி போஸ் சாலை நடக்கும் தூரம். ஷேர் ஆட்டோவில் மடியில் கட்டியை வைத்துக்கொண்டு போகாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள், தொலைவில் நிற்க ஓர் ஆள் வேண்டும். தங்கசாலைத் தெரு நெரிசலில் கைப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

வரிசை: முதலில் வாங்கின கடை. பல கடைகளில் தங்கள் பொருளுக்குத் தனிக் கழிவு வைத்திருப்பார்கள். நான் வாங்கிய கடையில் "எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான், கேஷ் வேணும்னா 8 பர்சன்ட்" என்றார்கள். வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் நல்ல விலை போட்டாலும் மயங்காதீர்கள். புதுப் பொருளுக்குச் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி என்று அந்த லாபத்தை வாங்கிக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது பணம்.

சோதனை: கடைக்குள் போகும் முன் தனியாகத் தரம் பார்த்துவிடுங்கள். தங்க நகைக்கு ஹால்மார்க் இருந்தால், அதிலுள்ள ஆறு எழுத்து, எண் சேர்ந்த குறியீட்டை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) நடத்தும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை இந்தக் குறியீட்டோடுதான் விற்க வேண்டும். பழைய நகையென்றால், பிஐஎஸ் அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் நான்கு நகை வரை 200 ரூபாய் கட்டணத்தில் சோதித்துச் சான்று தருவார்கள். சௌகார்பேட்டைத் தெருக்களில் இருக்கும் 'கம்ப்யூட்டர் டெஸ்டிங்' வேகமானது. ஆனால் அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். அதனால் கனமான பொருளைக் கடைக்காரர் உருக்கித்தான் பார்ப்பேன் என்றால் அது ஏமாற்று இல்லை. உருக்குவது உங்கள் கண் முன்னால் நடக்கிறதா என்பதே கேள்வி. உருக்குவதற்கு முன்பும் பின்பும் எடை எழுதி வாங்குங்கள். உருக்கிய பிறகு "விலை பிடிக்கலை, கொடுங்க" என்று எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவது கஷ்டம், ஆகவே விலையை முன்னாலேயே பேசி முடியுங்கள்.

கொலுசு, அரைஞாண் போன்றவற்றில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 'டச்' எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான். 70 டச் என்றால் 100 கிராம் கொலுசில் 70 கிராம்தான் வெள்ளி. வாங்கும்போது கொடுத்த கூலி போனது போனதுதான்.

தராசு: வைப்பதற்கு முன் பூஜ்யம் காட்டுகிறதா, தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பக்கத்து மளிகைக் கடையில் ஒரு முறை எடை போட்டுக்கொண்டு போனால், ஏறக்குறைய எவ்வளவு என்ற தைரியம் இருக்கும்.

கழிவுப் பட்டியல்: "ஜிஎஸ்டி 3 பர்சன்ட் கழிப்போம்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். வியாபாரம் செய்யாத தனிநபர் தன் பழைய நகையைக் கடைக்கு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது. அந்தப் பெயரில் கழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். உருக்குக் கூலி, சோதனைக் கூலி என்றால் எவ்வளவு என்று முன்னாலேயே கேளுங்கள்.

பணம்: 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரருக்கு வருமான வரியில் அந்தச் செலவை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அதனால் முறையான கடைகள் வங்கி வழியாகத்தான் தருவார்கள். அது உங்களுக்கும் நல்லது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டப்படி கூடாது, மீறினால் அபராதம் பணத்தை வாங்கியவருக்குத்தான். செல்போனில் வங்கிச் செய்தி வரும் வரை கடையை விட்டு எழுந்திருக்காதீர்கள். டீ கொடுப்பார்கள், குடியுங்கள். எடை, தரம், கிராம் விலை எழுதிய கொள்முதல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வரிக் கணக்குக்கு அது வேண்டும்.

எனக்கு மூன்றாவது நடையில், காலை பத்தரைக்குப் போய் பன்னிரண்டுக்குள் வேலை முடிந்தது. 79,500. அட்வான்ஸுக்குக் குறைந்த 500 ரூபாயை அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

8. ஈடிஎஃப், பத்திரம், டிஜிட்டல் தங்கம் வைத்திருப்பவர்களுக்கு

ஈடிஎஃப் விற்பது சுலபம். சந்தை நேரத்தில் விற்றால் அடுத்த வேலை நாளில் பணம். ஆனால் விலை வேகமாக ஆடும் நாளில் சந்தை விலைக்கே விற்கும் ஆர்டர் போடாதீர்கள். உங்கள் விலையைக் குறிப்பிட்டு ஆர்டர் போடுங்கள். கூடவே, அந்த யூனிட்டுக்குள் இருக்கும் உலோகத்தின் மதிப்பை ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். 2025 அக்டோபரில் வெள்ளி ஈடிஎஃப்கள் உள்மதிப்பைவிட நல்ல கூடுதல் விலைக்குக் கைமாறின. சில நிறுவனங்கள் வெள்ளி ஃபண்டில் மொத்தமாகப் பணம் போடுவதையே சில நாள் நிறுத்திவைத்தன. அப்போது வாங்கியவர்களுக்கு இரட்டை அடி: வெள்ளியும் இறங்கியது, அந்தக் கூடுதலும் கரைந்தது. அந்தக் கூடுதல் திரும்ப வரும் என்று காத்திருக்காதீர்கள்.

தங்கப் பத்திரம் வைத்திருந்தால் அவசரப்படாதீர்கள். எட்டு வருடப் பத்திரம், வருடத்துக்கு 2.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் முடிந்தால் வட்டித் தேதிகளில் ரிசர்வ் வங்கியிடமே திருப்பித் தரலாம். வெளியீட்டின்போதே நேரடியாக வாங்கியவர் எட்டு வருடம் முடியும்வரை வைத்திருந்தால் லாபத்துக்கு வரி இல்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை, ஆகவே விற்றுவிட்டால் இதே சலுகையோடு வேறொன்று வாங்க முடியாது.

செயலியில் பத்து, நூறு என்று சேர்த்த டிஜிட்டல் தங்கத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை முதலில் பாருங்கள். இது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டுப்பாட்டுக்குள் இல்லை என்று 2025 நவம்பரில் செபியே எச்சரித்தது. இந்த ஒன்றில் மட்டும் என் யோசனை, விலை எப்படியிருந்தாலும் மெதுவாக வெளியே வந்துவிடுங்கள் என்பதுதான்.

9. வரி: நஷ்டத்திலும் ஒரு பைசா மிச்சம்

கட்டி, நாணயம், நகையை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, செஸ் தனி. அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி விகிதப்படி போகும். பங்குச் சந்தையில் வர்த்தகமாகும் ஈடிஎஃபுக்கு இந்த 24 மாதம் 12 மாதமாகக் குறையும். ஆகவே லாபத்தில் இருப்பவர், 23ஆம் மாதத்தில் பயந்து விற்கும் முன் காலண்டரைப் பாருங்கள்.

அம்மா கொடுத்த நகையென்றால் அம்மா வைத்திருந்த காலமும் சேரும், அம்மா வாங்கிய விலைதான் உங்கள் அடக்க விலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

நஷ்டத்தில் விற்றாலும் கணக்கில் காட்டுங்கள். குறுகிய கால நஷ்டத்தைக் குறுகிய கால லாபம், நீண்ட கால லாபம் இரண்டிலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும். சம்பளத்தில் கழிக்க முடியாது. இந்த வருடம் கழிக்க லாபம் எதுவும் இல்லையென்றால் எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம். ஆனால் வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போச்சு. என் கட்டியில் நஷ்டம் 26,075 ரூபாய். பில் தம்பி பெயரில் இருந்ததால், ஆடிட்டரிடம் பணம் யாருடையது என்பதை வங்கிக் கணக்கோடு காட்டி விளக்க வேண்டியிருந்தது.

10. வைத்திருக்க முடிவு செய்தால்

வைத்திருப்பதும் ஒரு முடிவு, அதையும் எழுதி வையுங்கள். மூன்று வரி போதும்: எதற்காக வைத்திருக்கிறேன், எந்தப் போர்டு விலை வந்தால் விற்பேன், எந்தத் தேதியில் விலையைப் பார்க்காமல் மறுபடி யோசிப்பேன். தினமும் விலை பார்ப்பதை நிறுத்துங்கள். மாதம் ஒரு நாள் போதும்.

"இறங்கும்போது இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணு" என்று தம்பி சொன்னான். சராசரி விலை இறங்கும், உண்மைதான். ஆனால் ஒரே கூடையில் இன்னும் அதிகப் பணம் போகும். 3ஆம் படியின் ஐந்து வருடப் பணம் தனியாக மிச்சம் இருந்தாலொழிய அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ ஆவரேஜ் செய்பவர்களைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் வைப்பதென்றால் கருப்பாகிறதே என்று கட்டியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உறை பிரியும், முத்திரை மங்கும். வங்கி லாக்கர் என்றால் வருட வாடகையையும் உங்கள் அடக்கத்தில் கூட்டுங்கள். 300 கிராம் வெள்ளிக்காக மட்டும் லாக்கர் எடுத்தால், வாடகை வெள்ளியைத் தின்றுவிடும்.

கேட்பீர்கள் என்று தெரியும், சொல்லிவிடுகிறேன். நான் விற்ற பிறகு விலை ஏறியது. டிசம்பர் முடிவதற்குள் போர்டில் 220ஐத் தாண்டிவிட்டது. தம்பி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறான். டிசம்பரில் நான் தண்டையார்பேட்டை வீட்டில் பால் காய்ச்சி ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்று 100 கிராம் கட்டிகள் பீரோவில் இருக்கின்றன. அவற்றோடு ஒரு துண்டுத் தாள்: "சின்னவள் பன்னிரண்டாவது முடிக்கும் வருடம். அதற்கு முன் தொடாதே." கீழே தேதியும் என் கையெழுத்தும். இந்தத் தடவை பில்லும் என் பெயரில் இருந்திருக்கலாம்.